"கனடா அரசுக் கட்டணம் 72,000 ரூபாய்" என்கிறார் ஏஜென்ட்: கட்டலாமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. விவசாயக் குடும்பம். மகள் பி.காம். முடித்துவிட்டாள். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டு வருட டிப்ளமோவுக்குச் சேர்க்கைக் கடிதம் வந்திருக்கிறது. ஸ்டூடண்ட் விசாவுக்குக் கனடா அரசுக் கட்டணம் 72,000 ரூபாய் என்றும், அதைத் தன் ஜிபே நம்பருக்கு அனுப்பச் சொல்லியும் தஞ்சாவூர் ஏஜென்ட் கேட்கிறார். ஏஜென்ட் மூலமாகத்தான் கட்ட முடியுமாம். விசா கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்பி வந்துவிடுமாம். ரசீது கேட்டால், "எல்லாம் ஆன்லைன் சார்" என்கிறார். சம்பா நெல் போட்ட பணம் வங்கிக் கணக்கில் இருக்கிறது. தொகை சரிதானா? நாங்களே கட்ட முடியுமா? சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர் தன் கார்டில் கட்டுகிறேன் என்கிறார், அப்படிச் செய்யலாமா? மகளின் ஒரிஜினல் சான்றிதழ்கள் ஏஜென்ட் அலுவலகத்தில் இருக்கின்றன.

பதில்:

ஐயா, முதலில் அந்த ஜிபே நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். மிச்சத்தைப் பொறுமையாகப் பார்ப்போம்.

தொகை சரியில்லை. கனடாவில் படிக்கப் போகிறவருக்கு வேண்டியது 'ஸ்டடி பெர்மிட்'. அதற்கு அந்த நாட்டு அரசு வாங்கும் கட்டணம் 150 கனடா டாலர். கைரேகையும் போட்டோவும் எடுப்பதற்கு, அதாவது பயோமெட்ரிக்ஸுக்கு, 85 டாலர். இரண்டும் சேர்ந்து 235. ஒரு கனடா டாலரை 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 15,275 ரூபாய் வருகிறது. நம் ஊர் கார்டில் வெளிநாட்டுப் பணம் கட்டும்போது வங்கி ஒரு மார்க்கப், அதாவது கூடுதல் கட்டணம், போடும். பல கார்டுகளில் அது மூன்றரை சதவீதம், அந்த மார்க்கப்புக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உங்கள் கணக்கில் அது இன்னும் அறுநூற்றுச் சொச்சம் ரூபாய். ஆக, 16,000 ரூபாய்க்குள் அரசு வேலை முடிந்துவிடும். டாலர் இரண்டு மூன்று ரூபாய் ஏறினாலும் சில நூறு ரூபாய்தான் கூடும், 72,000 ஆகாது.

அப்படியானால் மீதி 56,000 என்ன? அது ஏஜென்ட்டின் கூலி. கூலி கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. படிவம் நிரப்புவதும், ஆவணங்களை ஒழுங்கு செய்வதும், கல்லூரிக்கு நான்கு மெயில் போடுவதும் வேலைதான். வேலைக்குக் கூலி உண்டு. ஆனால் தன் கூலியை அரசுக் கட்டணம் என்று சொல்லி வாங்குவதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: அரசு என்றால் நீங்கள் பேரம் பேச மாட்டீர்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் கல்லூரிகள் பல, மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுக்குத் தாங்களே கமிஷன் கொடுக்கின்றன. உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்காமல் வேலை செய்யும் ஏஜென்ட்கள் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் இருப்பது தர்ம சிந்தனையால் அல்ல, அந்தக் கமிஷனால்தான். உங்கள் ஏஜென்ட்டுக்கும் அது வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தவறில்லை.

நம் பகுதியில் இது ஏன் இவ்வளவு சுலபமாக நடக்கிறது என்றும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கூத்தாநல்லூரில் இருந்தும், மன்னார்குடியில் இருந்தும், அய்யம்பேட்டை, ராஜகிரி பக்கம் இருந்தும் மூன்று நான்கு தலைமுறையாக வெளிநாடு போய்க்கொண்டிருக்கிறார்கள். பர்மா, மலேயா, சிங்கப்பூர், அப்புறம் வளைகுடா. வேலைக்குப் போனவர்கள் கற்றுக்கொண்ட வழக்கம் ஒன்றுதான்: 'விசா காசு' என்று ஒரு மொத்தத் தொகை, பாஸ்போர்ட்டோடு சேர்த்து ஏஜென்ட் கையில். எது அரசுக்கு, எது முதலாளிக்கு, எது ஏஜென்ட்டுக்கு என்று யாரும் பிரித்துக் கேட்டதில்லை. அங்கே பெரும்பாலும் விசாவுக்கு முதலாளிதான் மனுப் போடுவார். நாம் அந்த மனுவைக் கண்ணாலும் பார்க்க மாட்டோம். படிப்பு விசா அப்படி இல்லை. இதில் மனுதாரர் உங்கள் மகள். படிவத்தில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கட்டணமும் அவர் மனுவின் பெயரில்தான் வரவு ஆகும். அப்பா காலத்து வழக்கத்தை மகள் காலத்து விசாவுக்குப் பொருத்துவதால்தான் இந்த 72,000 பிறக்கிறது.

"ஏஜென்ட் மூலமாகத்தான் கட்ட முடியும்" என்பது சுத்தப் பொய். கனடாவின் குடிவரவுத் துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி, படிவம் நிரப்பி, ஆவணங்களை ஏற்றி, கடைசியில் கார்டில் பணம் கட்டலாம். கட்டணம் கட்டும் பக்கம் வரும் இடமே கடைசிதான். ஆவணம் எல்லாம் ஏறி, மகள் மின் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது திறக்கும். ஆகையால் "முதலில் பணம் அனுப்புங்கள், படிவத்தை அப்புறம் பார்க்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம்.

இங்கே பணத்தைவிட எனக்குக் கவலையாக இருப்பது ஒன்று உண்டு. அந்த இணையதளக் கணக்கு யாருடைய மெயில் ஐடியில் திறக்கப்பட்டிருக்கிறது? மகளைக் கேளுங்கள். பல அலுவலகங்களில் நடப்பது இதுதான்: மாணவர் பெயரை ஒட்டினாற்போல் புதிதாக ஒரு மெயில் ஐடி உருவாக்குவார்கள், பாஸ்வேர்ட் அவர்களிடமே இருக்கும், ஓடிபி வரும் செல்போன் எண்ணும் அவர்களுடையதாகவே இருக்கும். அரசு அனுப்பும் ஒவ்வொரு கடிதமும், கட்டண ரசீது உட்பட, அந்த ஐடிக்குத்தான் போகும். நீங்கள் பார்ப்பதெல்லாம் அவர்கள் வாட்ஸாப்பில் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட். ஸ்கிரீன்ஷாட்டில் தொகையை மாற்றுவது ஒரு கல்லூரிப் பையனுக்குப் பத்து நிமிட வேலை. கூடுதல் ஆவணம் கேட்டு அரசு கடிதம் அனுப்பி, கெடு முடிந்து, மனு நிராகரிக்கப்பட்ட பிறகும்கூட, "இன்னும் ப்ராசஸிங்கில் இருக்கு சார்" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியும்.

அதனால் கணக்கு மகளின் சொந்த மெயில் ஐடியில் இருக்கட்டும், பாஸ்வேர்டும் அவரிடமே இருக்கட்டும். ஏஜென்ட் உதவி வேண்டுமானால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும், மகள் தட்டச்சு செய்யட்டும். பி.காம். படித்த பெண், வெளிநாட்டில் போய்த் தனியாக வாழப் போகிறவர், ஒரு படிவம் நிரப்ப மாட்டாரா?

பணம் உண்மையிலேயே கட்டப்பட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 235 டாலரும் கட்டி மனுவைச் சமர்ப்பித்தால், கைரேகை கொடுக்க வரச் சொல்லி ஒரு கடிதம் அந்த இணையதளக் கணக்கிலேயே வரும். பயோமெட்ரிக் கடிதம் என்பார்கள். வழக்கமாக இது சட்டென்று வந்துவிடும். வந்த நாளில் இருந்து 30 நாளுக்குள் கைரேகை கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் இருந்தால்தான் சென்னையில் விஎஃப்எஸ் மையத்தில் (விசா மனுதாரர்களின் கைரேகையையும் பாஸ்போர்ட்டையும் வாங்கும் தனியார் மையம்) நேரம் வாங்க முடியும். "போன மாசமே கட்டிட்டோம்" என்று சொல்லிக்கொண்டே பயோமெட்ரிக் கடிதத்தை மட்டும் காட்டாத ஏஜென்ட், பெரும்பாலும் பணத்தைக் கட்டவே இல்லை. (இதற்கு முன் 10 வருடத்துக்குள் கனடாவுக்குக் கைரேகை கொடுத்தவர்களுக்கு மட்டும் அது மீண்டும் தேவைப்படாது. உங்கள் மகளுக்கு அது பொருந்தாது.)

இப்போது நீங்களே கட்டுவதற்கு வருகிறேன். இதில் நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இடம் அரசு இணையதளம் இல்லை, நம் கையில் இருக்கும் கார்டு. உங்கள் நெல் பணம் விழுந்த கணக்கின் ஏடிஎம் கார்டை எடுத்துப் பாருங்கள். அதில் ரூபே என்று இருந்தால், அது பெரும்பாலும் உள்நாட்டுக்கு மட்டும் ஆன கார்டு, இந்த வேலைக்கு உதவாது. விசா அல்லது மாஸ்டர்கார்டு முத்திரை இருக்க வேண்டும். (விசாவுக்கு விசா கார்டா என்று சிரிக்காதீர்கள், அது கம்பெனியின் பெயர்.) முத்திரை இருந்தாலும் உடனே வேலை செய்யாது. 2020 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். நாம்தான் வங்கியின் ஆப்பில் போய் 'இன்டர்நேஷனல்', 'ஆன்லைன்' இரண்டையும் திறந்து, ஒரு வரம்பும் வைக்க வேண்டும். 25,000 ரூபாய் வரம்பு வைத்தால் போதும். வேலை முடிந்ததும் மறுபடி அணைத்துவிடுங்கள். ஆப் பழக்கமில்லை என்றால் கிளைக்குப் போய்ச் செய்து தரச் சொல்லலாம்.

இதைச் செய்யாமல் உட்கார்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? கார்டு எண், காலாவதி தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் போட்டு அழுத்துவீர்கள். 'டிக்ளைன்ட்' என்று வரும். மறுபடி அழுத்துவீர்கள், மறுபடியும் அதே. நான்காவது தடவைக்கு வங்கியே கார்டைப் பூட்டிவிடலாம். அந்த நேரத்தில்தான் ஏஜென்ட்டுக்குப் போன் போகிறது. "நான்தான் சொன்னேன்ல சார், உங்களால முடியாதுன்னு" என்று அவர் ஜெயித்துவிடுகிறார். கார்டில் ஒரு பொத்தான் அணைந்திருந்ததுதான் காரணம் என்று யாருக்கும் தெரிவதில்லை.

இன்னொரு பயமும் வரும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு இணையதளங்கள் பல ஓடிபி கேட்காமலே பணத்தை எடுத்துக்கொள்ளும். நமக்கு ஓடிபி பழக்கம் என்பதால் பணம் திருட்டுப் போய்விட்டதோ என்று நெஞ்சு படபடக்கும். கனடா அரசின் இணையதளத்தில்தான் இருக்கிறீர்களா என்பதை மட்டும் முன்னதாகவே பார்த்துக்கொண்டால் போதும். முகவரி 'கனடா டாட் சிஏ' அல்லது 'ஜிசி டாட் சிஏ' என்று முடிய வேண்டும். கூகுளில் தேடினால் முதலில் விளம்பரமாக வரும் தளங்கள் சில அரசு தளம் போலவே சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும். அவை தனியார் கடைகள். பணம் போன கையோடு திரையில் ரசீது வரும். அதை பிடிஎஃப் ஆகச் சேமித்து, மகளின் மெயிலுக்கு ஒன்று, உங்கள் வீட்டுப் பீரோவில் அச்சு ஒன்று என்று வைத்துவிடுங்கள். கொள்முதல் நிலையத்தில் மூட்டையைப் போட்டுவிட்டு ரசீது வாங்காமல் என்றைக்காவது வீட்டுக்கு வந்திருக்கிறீர்களா? அதே கண்டிப்பு இங்கேயும் வேண்டும்.

பேச்சு வந்ததால் சொல்கிறேன். கொள்முதல் நிலையத்து ரசீதையும் பத்திரமாக வையுங்கள். கணக்கில் திடீரென்று ஒரு பெரிய தொகை விழுந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று விசா அதிகாரி கேட்பார். நுகர்பொருள் வாணிபக் கழகத்தில் இருந்து நெல்லுக்கான பணம் நேராக வங்கிக்கு வந்திருக்கிறது என்பது உங்கள் பாஸ்புக்கிலேயே தெரியும். சிட்டா, அடங்கல், கொள்முதல் ரசீது மூன்றையும் சேர்த்து வைத்தால் அதைவிடச் சுத்தமான வருமானச் சான்று வேறில்லை. இதை விட்டுவிட்டு, யாரோ ஒருவரின் பணத்தை ஒரு வாரத்துக்கு உங்கள் கணக்கில் போட்டுக் காட்டும் 'ஃபண்ட் ஷோ' வேலைக்கு ஏஜென்ட் தனியாக 30,000, 40,000 என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பொய்யான ஆவணம் என்று தெரிந்தால் கனடாவில் ஐந்து வருடம் தடை. தடை ஏஜென்ட்டுக்கு இல்லை, மகளுக்கு. 2023-ல் பஞ்சாப் மாணவர்கள் பலர் ஏஜென்ட் கொடுத்த போலிச் சேர்க்கைக் கடிதத்தால் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகுதான் 2023 டிசம்பர் முதல் ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கிறார்கள்.

நான் ஆடிட்டர் என்பதால் என் தொழில் சம்பந்தமாகவும் ஒரு வார்த்தை. ஆடிட்டர் கொடுக்கும் சொத்து மதிப்புச் சான்றிதழையும் இந்த பேக்கேஜில் சேர்த்து விற்கிறார்கள். உண்மையான சான்றிதழில் 18 இலக்கத்தில் யுடிஐஎன் என்ற எண் இருக்கும், ஆடிட்டர்களின் அமைப்பான எங்கள் இன்ஸ்டிட்யூட்டின் இணையதளத்தில் அதைப் போட்டால் சான்றிதழ் உண்மையா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீங்கள் முகமே பார்க்காத ஆடிட்டர், உங்கள் பட்டாவையே பார்க்காமல், உங்களுக்கு ஒன்றரைக் கோடி சொத்து என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளைக் கையில் வாங்காதீர்கள்.

திரும்பி வரும் என்ற வாக்குறுதிக்கு வருவோம். விசா மறுக்கப்பட்டால் 150 டாலர் திரும்பாது. மனுவைப் பரிசீலித்ததற்கான கூலி அது. பரிசீலனை நடந்துவிட்டது, முடிவு சாதகமாக இல்லை, அவ்வளவுதான். கைரேகை கொடுத்துவிட்டால் 85-ம் திரும்பாது. பரிசீலனை தொடங்கும் முன்பே நீங்களாக மனுவைத் திரும்பப் பெற்றாலோ, மனு முழுமையாக இல்லை என்று அவர்களே திருப்பி அனுப்பினாலோதான் பணம் வரும். எனவே "விசா வரலைன்னா முழுசும் ரிட்டர்ன்" என்று ஒருவர் சொன்னால், இரண்டில் ஒன்று: விதி தெரியாது, அல்லது 72,000-ல் 16,000 போனாலும் தனக்கு நிறைய மிஞ்சும் என்ற தைரியம். அப்படிச் சொல்பவரிடம் அதையே கையெழுத்துப் போட்டு எழுதிக் கேளுங்கள். பேச்சு உடனே மாறும்.

அரசுக் கட்டணம் அல்லாத செலவுகளும் உண்டு, அவற்றையும் சேர்த்துக் குழப்புவார்கள். மருத்துவப் பரிசோதனை ஒன்று வேண்டும். கனடா அரசின் பட்டியலில் இருக்கும் டாக்டரிடம்தான் எடுக்க வேண்டும், பணத்தை அந்த கிளினிக்கிலேயே கட்டி பில் வாங்கலாம். விஎஃப்எஸ் மையத்தில் எஸ்எம்எஸ் சேவை, லவுஞ்ச், போட்டோ, ஜெராக்ஸ் என்று கவுண்டரில் கேட்பார்கள். விருப்பம் இருந்தால் மட்டும் வாங்கிக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. விசா முடிவான பிறகு பாஸ்போர்ட்டை அனுப்பி வாங்க மட்டும் ஒரு சேவைக் கட்டணம் வரும்.

பெரிய தொகை ஜிஐசி. 2025 செப்டம்பர் 1 முதல், தனியாகப் போகும் மாணவர் ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும். முதல் வருடக் கல்லூரிக் கட்டணமும் பயணச் செலவும் இதற்கு மேல். அந்தத் தொகையைக் கனடா வங்கி ஒன்றில் டெபாசிட் போட்டுக் காட்டும் வழிதான் ஜிஐசி. அதே 65 ரூபாய்க் கணக்கில் 14,88,000 ரூபாய் சொச்சம். இது கட்டணமே இல்லை, மகளின் பணம். அவர் அங்கே போனதும் முதலில் ஒரு பகுதியும், பிறகு மாதாமாதமும் அவருக்கே திரும்பி வரும். இதை உங்கள் வங்கியில் இருந்து நேராகக் கனடா வங்கிக்கு அனுப்ப வேண்டும், நடுவில் எந்த ஏஜென்ட் கணக்கும் வரக்கூடாது. 'எஸ்டிஎஸ் முறையில் சீக்கிரம் போடுகிறோம், அதற்குத் தனிக் கட்டணம்' என்று இன்னும் சிலர் வசூல் செய்கிறார்களாம். மாணவர் மனுக்களை விரைவாகப் பரிசீலிக்கும் அந்த முறையைக் கனடா 2024 நவம்பர் 8 அன்றே மூடிவிட்டது.

வருமான வரிப் பக்கமும் பயமுறுத்துவார்கள். "வெளிநாட்டுக்கு அனுப்பினால் டிசிஎஸ் பிடிப்பார்கள், அதையும் சேர்த்துக் கொடுங்கள்" என்பார்கள். டிசிஎஸ் என்பது பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி. ஒரு நிதியாண்டில் நீங்கள் அனுப்பும் மொத்தம் 10 லட்சத்தைத் தாண்டாதவரை அது கிடையாது. 16,000 ரூபாய்க்கு அந்தப் பேச்சே எழாது. வங்கியில் எடுத்த கல்விக்கடனில் இருந்து நேராகப் போகும் பணத்துக்கும் கிடையாது. ஜிஐசியைச் சொந்தப் பணத்தில் அனுப்பினால் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் வங்கி பிடித்து உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்று நீங்கள் இதுவரை ரிட்டர்ன் போட்டிருக்க மாட்டீர்கள். அந்த வருடம் மட்டும் போடுங்கள், பிடித்தது திரும்பி வரும்.

மைத்துனர் கார்டில் கட்டலாமா என்றால், தாராளமாகக் கட்டலாம். கார்டு மனுதாரர் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று கனடா கேட்பதில்லை. பணம் வரவு ஆகும் மனு மகளுடையதாக இருந்தால் போதும். அவர் சிங்கப்பூரில் இருந்தே உங்கள் மகளின் கணக்கில் நுழைந்து கட்டிவிட்டு ரசீதை அனுப்பலாம். பாஸ்வேர்டை ஏஜென்ட்டிடம் கொடுப்பதைவிட மாமாவிடம் கொடுப்பது மேல். அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் விஷயத்தில் மட்டும் கவனம். நம் பக்கம் உடனே உண்டியல்காரர் ஞாபகம் வரும். இங்கே ஒருவர் கையில் ரூபாய் கொடுத்தால் அங்கே சிங்கப்பூர் டாலராகப் போய்ச் சேரும். அது சட்ட விரோதம், அதுவும் விசா மனு நிலுவையில் இருக்கும் நேரத்தில் அந்த வம்பு வேண்டவே வேண்டாம். மைத்துனர் இந்தியக் குடிமகனாக இருந்தால், அவருக்கு இங்கே என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) இருக்கும், அதில் ரூபாயாகப் போட்டுவிடுங்கள். அல்லது மருமகளுக்கு மாமன் சீராக இருக்கட்டும் என்று அவரே சொன்னால் பேசாமல் இருந்துவிடுங்கள்.

இதே விஷயமாக வேறு நாடுகளைப் பற்றிக் கேட்டு இன்னும் சிலரும் எழுதியிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவுக்கு இரண்டு தனித்தனிக் கட்டணம்: மாணவர் பதிவுக்கான செவிஸ் 350 டாலர், விசா மனுவுக்கு 185 டாலர். செவிஸ் கட்டும் இணையதளம் 'எஃப்எம்ஜேஃபீ டாட் காம்'. 'கவ்' என்று முடியாததால் போலி என்று பயப்பட வேண்டாம், அதுதான் அதிகாரபூர்வத் தளம். விசா மறுக்கப்பட்டு 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்கு மறுபடி போட்டால் செவிஸ் கட்டணம் மறுபடி கட்ட வேண்டாம். 185 மட்டும் ஒவ்வொரு தடவையும் கட்ட வேண்டும். இரண்டாம் தடவையும் 350 கேட்டு வாங்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள், உஷார். பிரிட்டனில் 2025 ஏப்ரலில் மாணவர் விசாக் கட்டணம் 524 பவுண்டு ஆனது. அதற்கு மேல் மருத்துவ வரி, வருடத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருட மாஸ்டர்ஸ் என்றாலும் விசா சில மாதம் கூடுதலாகத் தருவதால் வழக்கமாக ஒன்றரை வருடத்துக்கு, அதாவது 1,164 பவுண்டு கட்ட வேண்டி வரும். விசா மறுத்தால் மருத்துவ வரி தானாகத் திரும்பிவிடும், விசாக் கட்டணம் திரும்பாது. எந்தக் கார்டில் கட்டினோமோ அதே கார்டுக்குத்தான் அது திரும்பும். ஏஜென்ட் கார்டில் கட்டியிருந்தால் அந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பணம் ஏஜென்ட்டுக்குத்தான் போகும். ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் 710 டாலரில் இருந்து 1,600-க்கும், 2025 ஜூலையில் 2,000-க்கும் ஏற்றிவிட்டது. அங்கே மறுத்தால் அத்தனையும் போச்சு. கட்டணம் இவ்வளவு ஏறிவிட்ட நாட்டுக்கு, ஆவணம் பாதி தயாராக இருக்கும்போதே "போட்டுப் பார்ப்போம்" என்று மனுப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கட்டணங்கள் எல்லாம் வருடத்துக்கு வருடம் மாறுபவை. கட்டும் நாளில் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் இருக்கும் தொகைதான் கணக்கு.

கடைசியாக, சான்றிதழ்கள். கனடா மனுவுக்கு ஒரிஜினல் எதையும் ஏஜென்ட்டிடம் விட்டு வைக்க அவசியமே இல்லை. எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றுவதுதான். ஆகவே பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "வங்கியில் கல்விக்கடனுக்கு ஒரிஜினல் கேட்கிறார்கள்" என்று சொல்லி முதலில் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டையும் வாங்கி வந்துவிடுங்கள். வங்கி உண்மையிலேயே ஒரிஜினலைப் பார்க்கும், அதனால் இது பொய்யும் இல்லை. கொடுக்க மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், அதற்கும் மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அடுத்தவர் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை கிடையாது.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு ஏஜென்ட்டிடம் உட்கார்ந்து பேசுங்கள். அரசுக் கட்டணத்தை நாங்களே எங்கள் கார்டில் கட்டிக்கொள்கிறோம், உங்கள் கூலி எவ்வளவு, அதற்கு பில் தருவீர்களா என்று கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு மனுவுக்கு ஆலோசனை சொல்லவும் பிரதிநிதியாக இருக்கவும் கனடாவில் உரிமம் பெற்ற ஆலோசகருக்கோ வழக்கறிஞருக்கோதான் அனுமதி. அப்படிப் பிரதிநிதி ஒருவர் இருந்தால் அவர் பெயரை மனுவிலேயே எழுத வேண்டும். "என் பெயரைப் போடாதீர்கள்" என்று சொல்கிறவரிடம் மனுவை ஒப்படைக்காதீர்கள். சேர்க்கைக்கும் ஆவணத்துக்கும் உதவியதற்குக் கூலி என்று நியாயமாகக் கேட்டால், பேசி, பாதியை இப்போதும் மீதியை மனு சமர்ப்பித்த ரசீதைப் பார்த்த பிறகும், வங்கி வழியாகக் கொடுங்கள்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் பணத்தை அனுப்பிவிட்டிருந்தால், ஜிபேயில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணையும், 'அரசுக் கட்டணம்' என்று அவர் எழுதிய வாட்ஸாப் செய்தியையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, அரசு ரசீதைக் கேளுங்கள். தராமல் இழுத்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். நாள் கடந்தால் பணத்தை முடக்குவது கஷ்டம். நுகர்வோர் புகாருக்கு 1915. திருவாரூரிலேயே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, அங்கே வக்கீல் இல்லாமலும் நீங்களே மனுக் கொடுக்கலாம்.